அம்மா எங்கே?

போன மாசம் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. "சின்னவன்கிட்டே சொல்லாதேம்மா, அழுவான்" என்றார் மாமியார். சொல்லிவிட்டுத்தான் போனேன். காரணம், எப்போதோ படித்த ஆலிஸ் இளவரசியின் கதை.

1885-ல் வின்ட்சர் கோட்டையில் பிறந்தவர். காது கேளாது, உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாராம். கிரீஸ் இளவரசர் ஆண்ட்ரூவுக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து குழந்தைகள். 1922-ல் குடும்பத்தோடு நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. 1930-ல் மனநோய் என்று சொல்லி, பிள்ளைகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, ஸ்விட்சர்லாந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கடைக்குட்டி பிலிப்புக்கு எட்டே வயசு! வீடு திரும்பிய குழந்தை யாரைக் கேட்டிருக்கும்?

யுத்தத்தின்போது ஏதென்ஸில் யூதக் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவரும் இதே ஆலிஸ்தான். 1967-ல் மகன் அவரை பக்கிங்ஹாம் அரண்மனைக்கே அழைத்துக்கொண்டார். 1969-ல் அங்கேதான் கண்மூடினார்.

என் சின்னவன்? அழுதான்தான். மறுநாள் மாமியாரோடு வந்து, கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.