தீர்ந்த கடனும் தீராத பதிவும்

கல்விக்கடனைச் சமரசத் தொகை கட்டி முடித்த ஆய்வு மாணவர், கடன் தீர்ந்தது என்றே எண்ணுகிறார். தமிழில் தீர்தல் ஒன்றுதான்; சிபில் அறிக்கையிலோ இரண்டு. முழுத்தொகையும் செலுத்தியிருந்தால் ‘குளோஸ்டு’. வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருந்தால் ‘செட்டில்டு’. பின்னது, 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். வீட்டுக்கடன் கேட்கும் நாளில் குறுக்கே நிற்கும். சமரசத்துக்கு அழைக்கும் கடிதங்கள் தள்ளுபடியைத்தான் பெரிதாகப் பேசுகின்றன.

விட்டுக்கொடுத்த தொகையையும் வங்கி ஏற்கும்படி செலுத்தி, நிலுவையின்மைச் சான்று பெற்று, பதிவை மாற்றக் கோருவதே வழி. பதிவே பிழையெனில் நிலைமை வேறு: முறையிட்டு 30 நாள்களில் தீர்வு காணாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறையில் உள்ளது. தவறிய தவணைகள் பிழையல்ல. அவற்றை அழித்துத் தருவதாகப் பணம் கேட்கும் முகவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.