விதையும் மண்ணும்

புற்றுநோய் தான் தோன்றிய உறுப்பை விட்டு, இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வேறோர் உறுப்பிற் சென்று குடியேறுவதே மெட்டாஸ்டாசிஸ் எனப்படும் பரவல். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்த லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், புற்றணு விதையென்றும், ஏற்ற மண்ணாகிய உறுப்பிலன்றி அது முளைக்காதென்றும் 1889இல் எழுதினார். தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவும் உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கால்நடை மருத்துவம் பயின்று, பின்னாளில் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் பேராசிரியரான ஐசையா ஃபிட்லர், கதிரியக்க அயோடின் ஏற்றிய புற்றணுக்களைச் சுண்டெலியின் இரத்தத்திற் செலுத்தி, ஒரே நாளில் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிருடன் எஞ்சாததை 1970இல் வெளியிட்டார். மறக்கப்பட்டிருந்த பேஜெட்டின் கருத்துக்கு உயிரூட்டியவை இவருடைய ஆய்வுகளே. ஆயினும் அழிவுக்குத் தப்பிய அச்சில புற்றணுக்களே உயிரைப் பறிக்கின்றன என்பதால், உடலில் கட்டி தென்பட்டவர்கள் நாள் கடத்தாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேனும் காட்டிவிட வேண்டும்.