அதே தண்டு, வேறு உலோகம்

மேசைமேல் அச்சு இரண்டு பாதியாகப் பிரிந்து கிடந்தது. தடித்த எஃகுக் கட்டி. மேலிருந்து இறங்கும் துளை நடுவில் சட்டென்று செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. வேறு சூட்சுமம் எதுவும் கண்ணில் படவில்லை. ரஷ்யாவின் உஃபா நகரம் உலோகவியலாளர்களிடம் பேர் வாங்கியதில் இந்தத் திருப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உலோகத் தண்டை இந்தத் திருப்பத்தின் வழியே அழுத்தும் முறையை 1970களில் மின்ஸ்க்கில் வகுத்தவர் விளாதிமிர் செகால். உலோகத்தின் உள்கட்டமைப்பையே இதனால் மாற்றலாம் என்று காட்டியவர்கள் உஃபாவின் ருஸ்லான் வலியெவ் குழுவினர்.

கலப்பில்லாத டைட்டானியத் தண்டுக்குக் கறுப்பாகக் கிராஃபைட் பூசி, 450 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றியிருந்தார்கள். அந்தச் சூட்டில் உலோகம் சிவக்காது. ஆறிப்போனது மாதிரியே இருக்கும். நம்பித் தொட்டால் தோல் உரிந்துவிடும். இடுக்கியால் துளையில் இறக்கியதும் ஹைட்ராலிக் பிரஸ் அழுத்த ஆரம்பித்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, பம்பின் முனகல் மட்டும்தான். முறுக்கு உரலில் மாவு மெலிந்து விழும். இங்கே தண்டு உள்ளே போன பருமனிலேயே வெளியே வருகிறது. விஷயமே அதில்தான் இருக்கிறது. பருமன் குறையாததால் அதையே திரும்பத் திரும்ப உள்ளே விடலாம். ஒவ்வொரு முறையும் தண்டைக் கால் சுற்று உருட்டி விடுகிறார்கள், வழுக்கல் ஒரே தளத்தில் விழாமல் இருக்க. நான்கு முறை போதுமாம். முதல் முறை வெளியே வந்ததன் முனை சற்றுச் சாய்ந்திருந்தது. வெளியே தெரிந்த மாற்றம் அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது வேறு. திருப்பத்தைக் கடக்கும்போது உலோகத்தின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அணு வரிசைகளில் கோடிக்கணக்கில் பிசகுகள் பிறந்து, ஒன்றோடொன்று சிக்கி, சுவர்போலத் திரள்கின்றன. அடுத்தடுத்த அழுத்தத்தில் சுவரின் இரு பக்கமும் மெல்ல வெவ்வேறு திசைக்குத் திரும்பி, தனித்தனிப் படிக மணிகளாகப் பிரிந்துவிடுகின்றன. சாதாரணச் சூட்டில் டைட்டானியம் இவ்வளவு தூரம் வளைந்துகொடுக்காது. அதன் அறுகோணப் படிகத்தில் வழுக்கும் வழிகள் குறைவு. அடுப்பு எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு மைக்ரோஸ்கோப் அறை. அழுத்தாத பழைய தண்டின் மணிகள் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பளிச்சென்று தெரிந்தன. புதியதில் ஒரே சாம்பல். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பின் திரையில் விடை கிடைத்தது. பழைய மாதிரியில் எலெக்ட்ரான் கற்றை சிதறித் தனித்தனிப் புள்ளிகளாக விழுகிறது, ஏனென்றால் கற்றைக்கு அகப்படுவது ஒரே மணி. புதியதில் புள்ளிகள் பெருகி வட்டமாகக் கூடிவிட்டன. அதே இடத்துக்குள் எத்தனையோ மணிகள், ஆளுக்கொரு திசையில். வந்த வேலை எனக்கு அந்த வட்டங்களிலேயே முடிந்துவிட்டது.

அழுத்திய பிறகு இழுத்து மெல்லிய கம்பியாக்கினால் மணியின் அளவு 25 மைக்ரானிலிருந்து சுமார் 150 நானோமீட்டருக்கு இறங்குகிறது. பழைய மணி ஒன்றின் இடத்தில் 40 லட்சத்துக்கும் மேல் புதிய மணிகள்! இழுவலிமை 700 மெகாபாஸ்கலிலிருந்து 1,240க்கு ஏறுகிறது. அலுமினியமும் வனேடியமும் கலந்த மருத்துவக் கலவை எட்டுவதே 950 அளவில்தான். வனேடியத்தை உடம்புக்குள் வைக்கத் தயங்கும் மருத்துவர்களுக்கு இது நல்ல செய்தி. செக் நாட்டின் டிம்ப்ளான்ட் நிறுவனம் இந்த டைட்டானியத்தில் 2.4 மில்லிமீட்டர் விட்டத்தில் பல் இம்ப்ளான்ட் செய்தது. அவர்களுடைய வழக்கமான அளவு 3.5. எலும்பு ஒடுங்கிய தாடைக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

பக்கத்தில் இன்னொரு இயந்திரம், மெல்லிய வட்டை நசுக்கியபடியே முறுக்குகிறது. அதைத் தொடங்கிவைத்தவர் ஹார்வர்டின் பிரிட்ஜ்மன், 1946இல் நோபல் பெற்றவர். 6 கிகாபாஸ்கலில் முறுக்கினால் டைட்டானியத்தின் படிக அமைப்பே ஒமேகா என்ற வேறு வடிவத்துக்கு மாறுகிறது. அழுத்தம் விட்ட பிறகும் அது அப்படியே தங்கிவிடுகிறது. ஆனால் கிடைப்பது காசளவு வட்டு. ஆய்வுக்கு அருமை, தொழிலுக்கு உதவாது.

தண்டை அழுத்திக் கம்பியாக்கும் முறைக்கும் எல்லை உண்டு. 600 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் மணிகள் மீண்டும் பருத்து, வந்த வலு போய்விடும். ஜெட் என்ஜினின் சூடான பாகங்களுக்கு ஆகாது. விறைப்பும் பெரிதாக மாறுவதில்லை, 100 கிகாபாஸ்கலுக்குச் சற்று மேலேயே நிற்கிறது. எலும்புக்கோ 10 முதல் 30 வரைதான். சுமையை உலோகமே தாங்கிக்கொள்வதால் எலும்பு மெலிகிற பழைய தொல்லை தீரவில்லை. அதற்கு நியோபியம் கலந்த பீட்டா வகைக் கலவைகளைத்தான் நாட வேண்டும். விறைப்பு குறைந்த அவற்றுக்கு வலு போதாது என்பதால், அவற்றையும் இப்படியே அழுத்திப் பார்க்கிறார்கள்.