நில்லற்க

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குக் குறைவில்லை. கோடையில் பருவம் தொடங்கிவிட்டால் அவை இரவும் பகலும் இயங்கும். அப்படியோர் ஆலையில் என் பழைய மாணவன் ஒருவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இளங்கலைத் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றவன். (அவன் ஏன் வண்டி ஓட்டப் போனான் என்று கேட்காதீர்கள் நண்பர்களே, எனக்கு விடை தெரியும், சொல்லத்தான் கூச்சம்.)

2019ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன் அவன் வீட்டுக்கு வந்தான். ஆலையின் பாதுகாப்பு அறிவிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் எழுதித் தர வேண்டும் ஐயா என்றான். பொருள் விளங்காமல் சொல் தேடலாகாது என்பதால் நேரில் போய்ப் பார்த்தேன்.

கூழ் நிரம்பிய டிரம் ஒன்று இருநூறு கிலோவுக்கு மேல். நான்கு டிரம்களை ஒரு பேலட்டில் ஏற்றினால் ஓட்டுநருக்கு முன்வழி மறைந்துவிடுகிறது. அப்போது பின்னோக்கியே ஓட்ட வேண்டும். சுமையைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திக் கொண்டுசெல்ல வேண்டும். உயர்த்தியபடி திரும்பினால் வண்டியே கவிழும். உணவுப் பொருள் உள்ள இடத்தில் டீசல் புகை ஆகாது என்பதால் உள்ளே பேட்டரி வண்டிகள். அவற்றுக்கு ஓசை குறைவு. காதை மூடிய தொப்பியுடன், நீராவி இரைச்சலுக்கு நடுவே வேலை செய்வோர் வண்டி வருவதை உணர்வதே அரிது. தூய்மைக்காகத் தரையை ஓயாமல் கழுவுகிறார்கள். அதனால் தரை வழுக்குகிறது. நடைபாதைக்கென இட்ட மஞ்சள் கோடும் அழிந்துபோகிறது. தூய்மையே ஆபத்தாகும் விந்தையை அங்கேதான் கண்டேன்.

மாணவன் அழுத்திச் சொன்னது வேறொன்று. “இது கார் மாதிரி இல்லைங்க ஐயா. திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் இடப்புறம் திரும்பினால் பின்பக்கம் வலப்புறம் வீசும். வண்டி நம்மை விட்டு விலகிப் போகிறது என்று நினைத்து நிற்பவரைத்தான் அது இடிக்கும்.” இரண்டு டன் தூக்கும் வண்டி தானே மூன்று டன்னுக்கு மேல் கனக்கும். சுமைக்கு ஈடான எடை முழுதும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஃபோர்க்லிஃப்டுக்குக் ‘கவைத்தூக்கி’ என்று பெயர் வைத்ததில் எனக்குப் பெருமை. கிடங்கின் மூலையில் மாட்டிய பலகைக்கு இப்படி எழுதினேன்: ‘கவைத்தூக்கியின் பின்புற வீச்செல்லையுள் நில்லற்க.’ மாணவன் சற்றுத் தயங்கியது போலிருந்தது. ஆசிரியரிடம் அவன் எப்படிச் சொல்வான்?

ஜூன் மாதம் ஒரு பின்னிரவில் அந்தப் பலகையின் கீழேயே ஒரு பெண் தொழிலாளியின் இடக்காலில் பின்சக்கரம் ஏறியது. வண்டியை ஓட்டியவன் என் மாணவன். டிரம்களைப் பார்த்தபடி திருப்பியிருக்கிறான். அந்த அம்மாளுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பலகையைப் படிக்கவில்லையா அம்மா என்று கேட்டேன். என்ன துணிவு எனக்கு!

“படிச்சேன் சார். மொதல்ல இருக்கறது ஒண்ணும் புரியல. கடைசியில நில்லுன்னு போட்டிருந்துச்சு. அங்கதான் நிக்கணும் போலன்னு நின்னேன்.”

இருபதாண்டுகளாக எதிர்மறை வியங்கோளை வகுப்பில் நடத்துகிறேன். அவரெதிரே இருந்த நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

பலகையால் மட்டும் யாரும் காப்பாற்றப்படுவதில்லை என்பது உண்மையே. நடப்போர் வழிக்கும் வண்டி வழிக்கும் நடுவே இரும்புக் குழாய்த் தடுப்பு முன்பே இருந்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகுதான் அதைப் போட்டார்கள். தமிழ் அறியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்காகப் படங்களும் வரையப்பட்டன. ஆனாலும் அந்தச் சொல் என்னுடையது.

புதிதாக எழுதியவற்றைப் பெயின்டரிடம் கொடுக்குமுன் அந்த அம்மாளின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். ‘வண்டிக்குப் பின்புறம் நிற்காதீர்கள். திரும்பும்போது இடிக்கும்.’ ஓரிடத்தில் விரல் நின்றது.

“பின்புறம்னு வேணாம் சார். பின்னாடின்னு போடுங்க.”

பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினேன்.