மூங்கிற் சிமிழ்

எங்கள் அமிர்தகழி வீட்டில் பழைய மூங்கிற் சிமிழ் ஒன்று இருக்கிறது. அப்பப்பா துவக்குக்கு மருந்து அளந்த சிமிழ் அது. படுவான்கரை வயலிற் பன்றிக் காவலுக்கு அவர் வைத்திருந்த, வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் அத்துவக்கு, நான் பிறக்குமுன்பே போய்விட்டது. சிமிழும் அதன் கதையுமே எஞ்சின.

ஓரிரவு அவருடைய தம்பியார், குண்டு தூரம் போகட்டுமென்று இரண்டு சிமிழ் மருந்து போட்டு இடித்தார். துருவேறிய குழல் வெடித்தது; இரு விரல்கள் போயின.

மருந்து கூடினால் வேகமும் அதே அளவு கூடும் என்பது மயக்கம். ஓர் எல்லைக்குமேல் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். உதைப்பும் குழலின் மீதான அழுத்தமுமே மிகும். இதனாலன்றோ 1853ஆம் ஆண்டு என்பீல்டு துவக்கின் 530 கிரெயின் ஈயக்குண்டுக்கு ஏறக்குறைய 70 கிரெயின், அதாவது நாலரைக் கிராம், மருந்தை அளந்து கடதாசியிற் பொதிந்து கொடுத்தனர்! 1857இல் வட இந்தியச் சிப்பாய்களைக் கொதிப்படையச் செய்த தோட்டா அதுவே.

அளவைப் போலவே இனமும் முக்கியம். கரிமருந்தில் நுண்மணி விரைந்தும் பருமணி மெதுவாகவும் எரியும்; சிறு குழலுக்கு முன்னதும் பெருங்குழலுக்குப் பின்னதும் பொருந்தும். 1884இல் பிரான்சில் போல் வியேல் கண்ட புகையில்லா மருந்தையோ பழைய துவக்கில் இடவே கூடாது; அதே சிமிழளவு குழலையே பிளந்துவிடும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். அமிர்தத்தைப் பெயரிற் கொண்ட ஊரிற் பிறந்த எனக்கு அதன் பொருளை உணர்த்தியது ஏடன்று. மாமாங்கத் தீர்த்தத்தன்று எஞ்சிய மூன்று விரல்களால் என் நெற்றியில் திருநீறு பூசிய அந்தக் கையே.