காதுக்குக் கூலி இல்லை

தில்லியில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் பங்கில் எண்ணெய் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். அதன் மூலம், இத்தகைய வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட தடை. 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்தப் பத்து வருடக் கெடுவுக்குப் பயந்து தலைநகரை விட்டுக் கிளம்பிய கார்கள் எங்கே போய்ச் சேர்ந்தன? ஒன்று சித்தூரில் என் நண்பர் வீட்டு வாசலில் நின்றது.

நண்பர் பள்ளி ஆசிரியர். தடையில்லாச் சான்றோடு தெற்கே வந்த காரைப் புரோக்கர் ஒருவர் மூலம் வாங்கியிருந்தார். பெயிண்ட் மினுமினுப்பு, சீட்டுக்குப் புது உறை, மீட்டரில் மனத்துக்கு இதமான ஓர் எண். வாங்கிய கொஞ்ச நாளில் போன் செய்தார். "நாலு விதமா சத்தம் வருதுப்பா. எது வண்டியோட குரல், எது வியாதின்னு தெரியல." ஒரு மெக்கானிக்கிடம் காட்டியதாகவும் சொன்னார். "அந்தாளு பானட்டைத் திறக்கவே இல்ல. அரை மணி நேரம் சும்மா நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்கன்னுட்டாரு." அவரைப் பார்க்கத்தான் சித்தூர் போனேன்.

1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர்தான். வேலூர் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. பழைய என்.எச். 4 இந்த ஊர் வழியாகத்தான் பலமனேர், கோலார் கடந்து பெங்களூர் போனது. மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளே அந்தப் பூகோளத்தைச் சொல்லிவிடும்: ஏபி 03, டிஎன் 23, கேஏ 08. உதவிக்கு இருக்கும் பையன்கள் இரண்டு பேரிடமும் அவர் தெலுங்கில் திட்டுவார், தமிழில் கொஞ்சுவார். ஊரில் எல்லாருக்கும் அவர் 'மேஸ்திரி'. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மேஸ்திரிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எட்டாவதோடு படிப்பை விட்டு லாரிப் பட்டறைக்குப் போனவர். முதல் வேலை, கழற்றிய சாமான்களை டீசலில் கழுவுவது. லேலண்ட் லாரிகளில் தொழில் பழகி, டீசல் அம்பாசிடருக்கு வந்து, 1998 கடைசியில் டாட்டா இண்டிகா இறங்கியபோது காரோடு நிலைத்துவிட்டார். பிறகு வந்தது டீசல் கார்களின் பொற்காலம். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினை மாருதியும் டாட்டாவும் ஃபியட்டும் தத்தம் கார்களில் வைத்தார்கள். "ஒரே இன்ஜினைக் காதுல ஏத்திக்கிட்டா மூணு கம்பெனி வண்டியப் பாத்துடலாம் சார்" என்றார். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. அந்தப் பொற்காலத்தின் கார்கள்தான் இன்று இரண்டாம் கை, மூன்றாம் கையாக இவர் ஷெட்டுக்கு வருகின்றன.

நான் போனது விடிந்தும் விடியாத நேரம். நண்பரின் கார் இரவு முழுக்க அங்கேயே கிடந்து ஆறியிருந்தது. மேஸ்திரி முதலில் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். "பழைய வண்டி பாக்கப் போனா மொதல்ல இதைச் செய்யணும் சார். சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட விட்டு வெச்சிருக்கான்னு அர்த்தம். டீசல் வண்டி பச்சத் தண்ணியா இருக்கும்போதுதான் உண்மை பேசும்."

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினைப் போல இதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறார்கள். பீய்ச்சிய டீசல் உடனே பற்றாது. இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு தாமதமாகும். கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு லைட்டரை நிதானமாகத் தட்டினால் 'டப்' என்று பிடிக்குமே, அதுதான் கதை. சேர்ந்த எரிபொருள் மொத்தமாகப் பற்றும்போது அழுத்தம் குபீரென்று ஏறி உலோகத்தை அறைகிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் கூடும், அறையும் பலக்கும். டீசல் காரின் விடியற்காலைக் கடகடப்பு இதிலிருந்து வருவது. புதிய காமன் ரயில் இன்ஜின்களில் பெரிய பீய்ச்சலுக்கு முன்னால் துளியளவு டீசலைத் தனியாக அனுப்பி, எரிபொருள் எரியும் அறையைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். சத்தம் அடங்கியது அதனால்தான்.

வண்டியைக் கிளப்பினான் பையன். நான் கேட்டது ஒரே இரைச்சல். மேஸ்திரி அதைப் பிரித்துப் பிரித்து வைத்தார். எடுத்தவுடன் சில விநாடி 'கரகர' என்று வந்து நின்றால் டைமிங் செயின். ஆயில் அழுத்தம் ஏறி டென்ஷனர் இறுகும் வரை சலசலக்கும். தினமும் நீண்டுகொண்டே போனால்தான் பயப்பட வேண்டும். இதில் அந்தச் சலசலப்பு இல்லை. பொதுவான கடகடப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்தது. அது வண்டியின் குரல் என்று நண்பரின் பட்டியலிலிருந்து ஒன்றை அடித்தார். அடுத்தது 'கீச்'. பையன் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தெளித்தான். கீச் நின்று, சற்று நேரத்தில் மறுபடி வந்தது. தண்ணீருக்கு அடங்கினால் பெல்ட், அடங்காவிட்டால் பேரிங். மூன்றாவது, நியூட்ரலில் வரும் மெல்லிய 'ர்ர்ர்'. கிளட்ச்சை மிதித்தால் காணோம், விட்டால் வருகிறது. மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பேரிங் என்பார்கள். இது தலைகீழ், ஆகவே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். "இப்ப தொட வேணாம். இன்னும் ரொம்ப தூரம் ஓடும். சத்தம் பெருசானா வாங்க" என்றார். இதைக் கழற்றச் சொல்லியிருந்தால் நண்பர் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்திருப்பார்.

நான்காவது சத்தம் சூடான பிறகும் போகவில்லை. ஐடிலில் ஒரே சீராக 'டக், டக்'. மேஸ்திரி சுவரில் தனியாக மாட்டியிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவரச் சொன்னார்.

முழங்கை நீளம். மரப்பிடி. முனை எந்த ஸ்க்ரூவுக்கும் உதவாதபடி மழுங்கிவிட்டது. திருகுவதற்கு அதை யாரும் எடுக்கக்கூடாது என்பது ஷெட் சட்டம். லாரிப் பட்டறை முதலாளி தொழிலை மூடியபோது கூலி பாக்கிக்குப் பதில் இவருக்குக் கிடைத்த சாமான்களில் ஒன்றாம். பிடியின் பின்பக்கம் வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து, காதுமடலுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுந்தி அழுந்தி வழவழவென்று இருந்தது. முனையை இன்ஜெக்டரின் உடம்பில் ஊன்றி, பிடியை அந்த எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி மூன்று. பிறகு காருக்கு அடியில் படுத்து ஆயில் சம்ப்பில் ஊன்றிக் கேட்டார். "மேலன்னா இன்ஜெக்டர். கீழ கேட்டா பேரிங்கு, கிராங்கு, மொத்த இன்ஜின் வேலை. அப்ப பொண்டாட்டி நகைதான்."

என்னையும் கேட்கச் சொன்னார். காதில் வைத்ததும் ஷெட், தெரு, ஹாரன் எல்லாம் விலகிப்போய் உலோகம் மட்டும் பேசியது. முதல் இன்ஜெக்டரில் 'டிக், டிக்'. மூன்றாவதில் அதே 'டிக்'குக்குப் பின்னால் ஒரு தடித்த அடி. கீழே சம்ப்பில் அந்த அடி தேய்ந்து மங்கலாகத்தான் கேட்டது.

லாரிக் காலத்தில் ஒவ்வொரு பைப்பின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் அடி நிற்கிறது என்று பார்ப்பார்களாம். காமன் ரயிலில் அதைச் செய்தால் ஆபத்து. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதனால் மின் இணைப்பை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியதும் இன்ஜின் குலுங்கியது, அடி நின்றது. ஆனால் அதோடு விடவில்லை. கீழ்ப் பேரிங் தேய்ந்திருந்தாலும் அந்த சிலிண்டருக்கு வேலை இல்லாதபோது சத்தம் அடங்குமாம். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் விட்டு வண்டியை ஓடவிட்டார்கள். மூன்று பாட்டிலில் அடியில் ஒரு விரற்கடை டீசல். மூன்றாவது இன்ஜெக்டரின் பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்தது. சம்ப்பில் கேட்டது, இணைப்பைக் கழற்றியது, பாட்டில் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றிய இன்ஜெக்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி போனோம். டீசல் பம்பு வேலை பார்க்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. தூசு போகாத கண்ணாடி அறையில், சோதனை பெஞ்சின் திரையில் எண்கள் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை எனக்குப் புரியவில்லை. பிடிபட்டது ஒன்றுதான்: உள்ளே அசையும் பாகங்களுக்கு இடையே விடும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். கலப்பட டீசலும் மாற்றாத பில்டரும் அந்த இடைவெளியைத்தான் தின்கின்றன. வேலை முடிந்ததும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டை எழுதிக் கொடுத்தார்கள். அதை ஸ்கேனர் வழியாக வண்டியின் கணினிக்குச் சொன்னால்தான் இன்ஜின் அந்த இன்ஜெக்டரோடு சரியாக ஓடும்.

காத்திருந்தபோது, பக்தர்களை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போய்வரும் டாக்சி டிரைவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். தரையில் வராத சத்தம் மலையில் வந்துவிடுமாம். முழுப் பாரத்தோடு ஏறும்போது 'உஸ்ஸ்' என்று கேட்டு, பிக்கப் குறைந்தால் டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயில் எங்கோ பிளவு. 1944இல் போட்ட பழைய மலைப்பாதைதான் இப்போது இறங்கும் வழி. அதன் வளைவுகளில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் 'ஊஊ' என்று வந்தால் எதிர்ப்பக்கத்து வீல் பேரிங். "முப்பது கிலோமீட்டர் வேகத்துல ஜன்னலைத் தெறந்து வெச்சிக்கிட்டுப் போங்க சார். பாட்டை நிறுத்துங்க. வண்டியே சொல்லிடும்" என்றார். புரோக்கர் வண்டி காட்டும்போது முதலில் பாட்டைத்தான் போட்டார் என்று நண்பர் முணுமுணுத்தார்.

சித்தூர் திரும்பி இன்ஜெக்டரை மாட்டினார்கள். டக் போய்விட்டது. அன்று முழுக்க நான் கவனித்த ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டேன். கீச், விசில் எல்லாம் பையனிடம் விடுகிறார். அடி, முட்டல் மட்டும் தான் எடுத்துக்கொள்கிறார். ஏன்? "வலது காதுல சன்னமான சத்தம் வுழுறதில்ல சார். ரொம்ப வருசமா." இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது விநாடிக்கு 4,000 அதிர்வைச் சுற்றியுள்ள உயர்ந்த ஒலிகள்தான். தொழிற்சாலைகளுக்கான விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு உண்டு. இந்த ஷெட் தொழிற்சாலை இல்லை. பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. வரும், இங்கே மூன்று பேர். எந்தக் காதை வைத்துப் பிழைக்கிறாரோ, அதற்கு எந்தக் காப்பும் இல்லை.

பிறகு பில்லைப் பார்த்தேன். பெல்ட், ஆயில், பில்டர், இன்ஜெக்டர் சர்வீஸ், கழற்றி மாட்டிய கூலி. விடியற்காலையில் நின்று கேட்டது, படுத்துக் கேட்டது, கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னது எதற்கும் அதில் வரி இல்லை. ஒரு மெக்கானிக்கின் திறமை எதைக் கழற்றக்கூடாது என்று தெரிவதில் இருக்கிறது, காசோ கழற்றினால்தான். இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் புலம்புகிறோம். உதிரிபாகக் கடை தரும் கழிவுதான் பலருக்கு உண்மையான வருமானம். பாகம் மாற்றினால் கழிவு; மாற்றாமல் விட்டால் வெறும் நல்ல பெயர்.

எதிர்ப்பக்கத்தில் புரோக்கர். அவர் தொழிலும் சத்தம்தான், ஆனால் அதை அடக்குவது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் தேய்ந்த இன்ஜினின் முட்டல் சில நாள் பதுங்கும். முன்கூட்டியே சூடாக்கி வைப்பார், பாட்டைப் போடுவார், மீட்டரைத் திருப்புவார். விற்றவரிடமும் கமிஷன், வாங்கினவரிடமும் கமிஷன். சட்டம் இல்லாமலில்லை. பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், கையில் இருக்கும் வண்டி எங்கே, எதற்கு, எவ்வளவு ஓடியது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் போனோடு உட்கார்ந்திருப்பவரிடம் எந்தப் பதிவேட்டைக் கேட்பது? சத்தத்தை மறைத்தவருக்கு இரு கை நிறையக் காசு, கேட்டுச் சொன்னவருக்கு டீ. இதை மாற்றச் சட்டம்கூட வேண்டாம். வண்டி வாங்கும் முன் ஆறிய இன்ஜினோடு ஒரு மேஸ்திரியிடம் விட்டு, கேட்டதற்கென்று தனியாகக் கூலி கொடுத்தால் போதும். டாக்டருக்கு மருந்து எழுதாவிட்டாலும் பீஸ் தருகிறோம் அல்லவா?

இதை மேஸ்திரியிடமே சொன்னேன். சிரித்தார். "கேக்கறதுக்குக் காசுன்னா அடுத்த ஷெட்டுக்குப் போயிடுவாங்க சார். அவன் ஓசியில கேப்பான்."

தெருவில் இருக்கும் நாலு ஷெட்டும் ஒரே நாளில் வாங்க ஆரம்பித்தால் எங்கே போவார்கள் என்றேன்.

"அதுக்கு நாங்க நாலு பேரும் மொதல்ல ஒண்ணா உக்காந்து டீ குடிக்கணுமே" என்றவர், பையனைக் கூப்பிட்டு, பில்லின் கடைசியில் 'செக்கிங்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தொகை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு நண்பரிடம் நீட்டினார்.