புத்தி சொன்ன கதை

குடிக்கிறவருக்குப் புத்தி சொல்வதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் வேறில்லை. அந்த வேலையை என் அத்தானிடம் நான் பத்து வருஷம் செய்தேன். கதை எழுதுகிறவன் அல்லவா, சொல்லுக்கா பஞ்சம்? அக்காவின் கண்ணீர், குழந்தைகளின் படிப்பு, ஈரல் கெடும் விதம் எல்லாவற்றையும் உருக்கமாக எடுத்துரைப்பேன். தலைகுனிந்து கேட்பார். "நீ சொல்றது அத்தனையும் சரிதான், மாப்பிள்ளே" என்பார். அன்று மாலை கொஞ்சம் அதிகமாகவே குடிப்பார்.

சென்ற வருஷம் அவரை ஒரு மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தோம். நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் டாக்டரும் மருந்தும். கை நடுக்கம் நின்ற பிறகே பேச்சு ஆரம்பமாயிற்று.

ஆலோசகர் ஓர் இளம் பெண். "குடி உங்களுக்கு என்ன கொடுத்தது, ஐயா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதைப் பறித்தது என்றல்லவா கேட்க வேண்டும்? நான் வாயெடுத்தேன்; கையமர்த்தினார்.

வெகுநேரம் கழித்து அத்தான், "தூக்கம்" என்றார்.

மில்லை மூடிய நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம். பத்து வருஷமாக நான் கேட்டறியாத செய்தி! பிறகு, போனது என்னென்ன என்பதையும் அவரே சொன்னார். என் பிரசங்கத்தில் இருந்தவைதாம். ஆனால் இப்போது அவை அவருடைய சொற்கள்.

அப்புறம் இதுபற்றித் தேடிப் படித்தேன். நாம் விடச் சொல்லி வாதாடினால், குடிப்பவர் விடாமலிருக்க வாதாடுவார்; விடுவதற்கான நியாயம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்ற முறையை 1983-ல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1935-ல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பாப் ஸ்மித் என்ற குடிகார டாக்டர் பில் வில்ஸன் என்பவரைச் சந்திக்கப் பதினைந்து நிமிஷம்தான் ஒதுக்கினாராம். வில்ஸன் புத்தி சொல்ல வரவில்லை. மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேச்சுத் துணைக்கு இன்னொரு குடிகாரரைத் தேடி வந்தவர் அவர். தன் கதையைச் சொன்னார். பேச்சு ஆறு மணி நேரம் நீண்டது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் அந்தச் சந்திப்பில் பிறந்தது.

மூன்றாம் மாதம் அத்தான் ஒரு நாள் சறுக்கினார். அக்கா அழைத்தாள், ஓடினேன். பிரசங்கம் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "ராத்திரி தூங்கினீங்களா, அத்தான்?" என்று மட்டும் கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு, மாப்பிள்ளே" என்றார்.